போட்ஸ்ஃபியூரிலிருந்து கிர்க்கனெஸுக்கு: 98 கிலோமீற்றர் பறக்க ஒரு முழு நாளை ஒதுக்குவது எப்படி

நோர்வேயின் வடகிழக்கு மூலைக்கு, போட்ஸ்ஃபியூருக்குப் புதிதாக வேலைக்கோ குடும்பத்தோடு சேரவோ வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இங்கே மீன் தொழிற்சாலைகளில் எங்கள் ஆட்கள் பல வருடமாக வேலை செய்கிறார்கள், கேட்டால் சொல்லித்தர ஆட்களுக்குக் குறைவில்லை. ஆனால் ஒருவர் டிக்கெட்டைப் பற்றி மட்டும் சொல்வார், இன்னொருவர் புயலைப் பற்றி மட்டும் சொல்வார், காசு திரும்பக் கிடைக்கும் என்பதை யாரும் சொல்லவே மாட்டார்கள், அதையெல்லாம் நான் பொறுக்கிச் சேர்ப்பதற்குள் ஒரு குளிர்காலமே ஓடிவிட்டது. பெரிய வைத்தியசாலை கிர்க்கனெஸில், ஃபின்மார்க் பொலிஸின் தலைமையகம் கிர்க்கனெஸில், ஒஸ்லோவுக்கு நேரே பறக்கும் பெரிய விமானமும் அங்கிருந்துதான். ஆகவே இன்றில்லாவிட்டாலும் நாளைக்கு நீங்கள் போகத்தான் வேண்டும்.

1. தூரத்தைச் சரியாகப் பிடியுங்கள்

விமானப் பாதையில் இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 98 கிலோமீற்றர். காரில் போனால் 250 கிலோமீற்றருக்குக் கிட்ட. நடுவில் மலையும், நிலத்துக்குள் நீளமாக நுழைந்திருக்கும் வராங்கர் ஃபியூர்டு என்ற கடற்குடாவும் இருக்கின்றன, வீதி தானா புரு வரைக்கும் தெற்கே இறங்கி, வராங்கர்பொட்ன் வழியாகக் கடலைச் சுற்றிக்கொண்டு போகிறது. இதைவிட வேடிக்கை வாட்சோ. வாட்சோவும் கிர்க்கனெஸும் ஃபியூர்டின் இரு கரைகளில், விமானத்துக்கு 40 கிலோமீற்றர்கூட இல்லை, வீதியால் 170 வரும்.

இணையத்தில் இரண்டு விமான நிலையங்களின் குறியீட்டைக் கொடுத்தால் தூரமும் நேரமும் சொல்லும் பக்கங்கள் நிறைய உண்டு. போட்ஸ்ஃபியூருக்கு பி.ஜே.எஃப், கிர்க்கனெஸுக்கு கே.கே.என். அவை சொல்லும் தூரத்தை நம்பலாம், நேரத்தை நம்பாதீர்கள். பெரிய ஜெட் விமானத்தின் வேகத்தில் தூரத்தைப் பிரித்து, ஏற இறங்க என்று ஒரு பொது எண்ணைக் கூட்டிவிட்டு ஒரு விடையைத் தருகின்றன. இங்கே பறப்பது 39 பேர் இருக்கும் டாஷ் 8, இரண்டு பக்கமும் விசிறி. உயரே போனால் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவில் பறக்கக்கூடியதுதான், ஆனால் இந்தப் பாதையில் ஏறி முடிக்கும்போதே இறங்க வேண்டிய நேரம் வந்துவிடும். நேரே போனால் 25 நிமிடத்தைச் சுற்றி. அதாவது சராசரி வேகம் மணிக்கு 235 கிலோமீற்றர்தான்.

பல நாட்களில் விமானம் வாட்சோவில் இறங்கி ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். வரைபடத்தைப் பாருங்கள், வாட்சோ கிட்டத்தட்ட அதே நேர்கோட்டில் இருக்கிறது: போட்ஸ்ஃபியூரிலிருந்து 60, அங்கிருந்து 38. தூரம் கூடாது, நேரம் மட்டும் கூடும், மொத்தம் முக்கால் மணி அல்லது கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். வாட்சோவில் பதறிப்போய் இறங்கிவிடாதீர்கள். உங்கள் டிக்கெட்டில் ஒரே விமான இலக்கம் இருந்தால், பணியாளர் வேறு மாதிரிச் சொன்னாலொழிய, இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

இப்போது வீட்டு வாசலிலிருந்து கணக்குப் போடுவோம். இங்கே விமான நிலையம் ஊருக்குப் பக்கம், டாக்ஸிக்குக் கால் மணி போதும். அங்கே ஒரு மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும், பிறகு பறக்கும் நேரம், பொதி வர ஒரு பத்து நிமிடம், கிர்க்கனெஸ் விமான நிலையம் ஊருக்கு வெளியே ஹொய்புக்ட்மோனில் இருப்பதால் பஸ்ஸிலோ டாக்ஸியிலோ இன்னும் 20, 25 நிமிடம். கூட்டினால் இரண்டரை மணி நேரம். நல்ல கோடை நாளில் கார் மூன்றரை மணி நேரத்தில் போய்விடும். அதனால் நாலு பேர் கொண்ட குடும்பம் ஜூலை மாதத்தில் விமானத்துக்குக் காசு கொடுப்பது வீண் என்பதுதான் என் கருத்து. ஒக்டோபருக்குப் பிறகு கதை வேறு.

2. டிக்கெட்டுக்கு முன்னர் கடிதத்தை எடுங்கள்

பலர் முதலில் டிக்கெட்டைப் போட்டுவிட்டுப் பிறகு நேரத்தைப் பார்க்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள்.

வைத்தியசாலையிலிருந்து வரும் அழைப்புக் கடிதத்தில் நாள், நேரம், எந்தப் பிரிவு, தொலைபேசி இலக்கம் எல்லாம் இருக்கும். ஹெல்செநோர்கே என்ற அரசின் சுகாதார இணையத் தளத்தில் வங்கி ஐடி எனும் மின்னடையாளத்தால் உள்ளே போனாலும் பார்க்கலாம். நேரம் காலை 8.30 என்று இருந்தால், அன்றைய முதல் விமானம் எப்போது இறங்குகிறது என்று பாருங்கள். சரிவராவிட்டால் உடனே அந்த இலக்கத்துக்கு எடுத்து, "நான் போட்ஸ்ஃபியூரிலிருந்து விமானத்தில் வருகிறேன், மத்தியானத்துக்கு மாற்ற முடியுமா" என்று கேளுங்கள். அங்கே வேலை செய்பவர்களுக்கு இது தினசரி விஷயம், கேட்கக் கூச்சப்பட வேண்டாம். அதே அழைப்பிலேயே தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் சொல்லிவிடுங்கள். அதற்கு நீங்கள் காசு கட்டத் தேவையில்லை. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் மொழிபெயர்க்க வைக்கும் பழக்கத்தை மட்டும் விடுங்கள், சிறுவர்களை அப்படிப் பயன்படுத்த 2022இலிருந்து சட்டமே இடம் கொடுப்பதில்லை.

போகாமல் விட்டால் அபராதம் வரும், அது ஆயிரம் குரோனரைத் தாண்டும். வர முடியாது என்றால் 24 மணி நேரத்துக்கு முன்னரே சொல்ல வேண்டும். விமானம் ரத்தானால் அந்த நிமிடமே கூப்பிட்டுச் சொல்லுங்கள், ரத்தான செய்தியையும் தொலைபேசியில் அழிக்காமல் வைத்திருங்கள்.

பொலிஸுக்குப் போகிறவர்களுக்கு: வெளிநாட்டிலிருக்கும்போதே வதிவிட அனுமதி கிடைத்து வந்தவர்கள் நாட்டுக்குள் வந்த ஏழு நாட்களுக்குள் பொலிஸிடம் நேரம் பதிய வேண்டும். அந்த நேரத்தை வைத்துத்தான் விமானம் பார்க்க வேண்டும், மறுபடி நேரம் எடுப்பது சிரமம்.

3. டிக்கெட், விலை, எந்த நாள்

இந்தச் சிறிய நிலையங்களுக்கிடையே பறப்பது விடரோ என்ற விமான நிறுவனம். போதிய ஆட்கள் இல்லாத பாதை என்பதால் அரசு பணம் கொடுத்து ஓட வைக்கிறது, அதனாலேயே அதிகபட்சக் கட்டணத்தையும் அரசு நிர்ணயிக்கிறது. கடைசி நாளில் வாங்கினாலும் விலை அந்த உச்சத்தைத் தாண்டாது என்பது ஒரு நிம்மதி. முன்கூட்டியே எடுத்தால் குறையும். பிள்ளைகளுக்கும் வயதானவர்களுக்கும் குறைந்த கட்டணம் உண்டு, பதியும்போது வயதைச் சரியாகத் தெரிவு செய்யாவிட்டால் முழு விலை காட்டும்.

மலிவான டிக்கெட்டை மாற்றவோ திருப்பவோ முடியாது, பொதியும் அதில் அடங்காமல் இருக்கலாம். வைத்தியசாலைக்குப் போகும்போது திரும்பும் டிக்கெட்டையாவது மாற்றக்கூடியதாக எடுங்கள். வைத்தியர் "இரத்தம் ஒன்று எடுத்துவிட்டுப் போங்கள்" என்றால் மத்தியான விமானம் போய்விடும்.

சனிக்கிழமை விமானங்கள் குறைவு. வெள்ளிக்கிழமை பிற்பகல் திரும்புவதாக இருந்தால், அது ரத்தானால் உங்கள் வார இறுதி கிர்க்கனெஸில்தான் என்று நினைத்துக்கொண்டு எடுங்கள். முடிந்தால் செவ்வாய், புதன்.

இன்னொரு பொறி. கிர்க்கனெஸில் இறங்கி ஒஸ்லோவுக்கோ, அங்கிருந்து கொழும்புக்கோ சென்னைக்கோ போகிறவர்கள் இரண்டு டிக்கெட்டைத் தனித்தனியாக வாங்கி நூறு இருநூறு மிச்சம் பிடிக்கிறார்கள். சின்ன விமானம் பிந்தினால் பெரிய விமானத்துக்கு யாரும் பொறுப்பில்லை, புது டிக்கெட் உங்கள் காசு. ஒரே பதிவில் எடுத்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது விமான நிறுவனத்தின் கடமை. தனித்தனியாக எடுத்தே ஆக வேண்டும் என்றால், குளிர்காலத்தில் நடுவில் ஓர் இரவாவது விடுங்கள்.

4. கையில் இருக்க வேண்டியவை

உள்நாட்டுப் பயணம்தானே என்று அடையாள அட்டை இல்லாமல் வெளிக்கிட வேண்டாம். கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், நோர்வே அடையாள அட்டை, இதில் ஒன்று கட்டாயம். வதிவிட அட்டை உள்ளவர்கள் அதையும் சேர்த்து வையுங்கள், கிர்க்கனெஸ் ரஷ்ய எல்லைக்குப் பக்கத்து ஊர், யாராவது கேட்டால் உடனே எடுத்துக் காட்டுவது நல்லது. டிக்கெட்டில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளதைப் போலவே இருக்க வேண்டும். எங்கள் பெயர்களில் அப்பா பெயர் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்ற குழப்பம் எப்போதும் உண்டு, கடவுச்சீட்டின் அடிவரியில் அம்புக்குறிகளோடு இருக்கும் வரிசையைப் பார்த்து நிரப்பினால் பிசகாது.

அழைப்புக் கடிதம், வழக்கமாக எடுக்கும் மருந்துகள் கைப்பையில். இரண்டு நாளைக்குப் போதுமான மருந்து, ஒரு மாற்றுடுப்பு, தொலைபேசி சார்ஜர். ஒரு நாளில் திரும்பிவிடுவேன் என்ற நம்பிக்கையில் வெறுங்கையோடு போகாதீர்கள்.

5. விமான நிலையத்தில்

முதன்முறை பார்ப்பவர்களுக்கு ஏதோ பஸ் தரிப்பிடத்துக்கு வந்துவிட்டோமோ என்று தோன்றும். ஒரு கூடம், ஒரு சோதனை வாயில், ஒரு கதவு. அவினோர் என்ற அரசு நிறுவனம் நடத்துகிறது. தீயணைப்புக்கு நிற்பவரே ஓடுபாதையில் பனியும் அள்ளுவார். ஆனால் சோதனை பெரிய நிலையத்தில் போலவேதான். அம்மா தந்துவிட்ட ஊறுகாய்ப் போத்தலைக் கைப்பையில் வைத்தால் போச்சு, அதைப் பொதியில் அனுப்புங்கள்.

சோதனை வாயில் நாள் முழுக்கத் திறந்திருக்காது, விமானத்துக்குக் கொஞ்சம் முன்னர்தான் திறப்பார்கள், மூடும் நேரத்தில் மூடிவிடுவார்கள். சின்ன இடம்தானே, ஆளைக் கண்டால் நிறுத்துவார்கள் என்று நினைக்க வேண்டாம். இந்த விமானம் காத்திருந்தால் வழியில் உள்ள எல்லா ஊருக்கும் பிந்தும்.

கதவைத் திறந்து ஓடுதளத்தில் நடந்துபோய்த்தான் ஏற வேண்டும். காற்றடிக்கும் நாளில் தொப்பியைக் கையில் பிடியுங்கள், பிள்ளையை மற்றக் கையில். படி நாலைந்துதான். உள்ளே தலைக்கு மேலே உள்ள பெட்டி மிகச் சிறியது, பெரிய கைப்பையை ஏறும் இடத்திலேயே வாங்கிப் பின்னால் போட்டுவிடுவார்கள். அதற்குள் கடவுச்சீட்டும் மருந்தும் இருந்தால் முதலே எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் ஒத்துவராதவர்கள் விசிறிக்குப் பக்கத்து வரிசையைத் தவிருங்கள், பின்வரிசைகள் கொஞ்சம் அமைதி. இறங்கும்போது விமானம் கொஞ்சம் வெட்டென்று தரையில் குந்தும், உடனே பலமாகப் பிரேக் பிடிக்கும். பயப்பட ஒன்றுமில்லை, இந்தப் பக்கத்து ஓடுபாதைகள் பல 800 மீற்றர், 1000 மீற்றர் அளவுதான், அதற்கேற்ற மாதிரித்தான் இறக்குவார்கள்.

6. கிர்க்கனெஸில் இறங்கிய பிறகு

ஊருக்குப் போகும் பஸ் விமானங்களின் நேரத்தை ஒட்டி ஓடும், ஆனால் எல்லா விமானத்துக்கும் ஓடும் என்று எண்ண வேண்டாம். முதல் நாளே நேர அட்டவணையைப் பாருங்கள். டாக்ஸி என்றால் புறப்பட முன்னரே தொலைபேசியில் சொல்லி வையுங்கள், வாசலில் வரிசையாக நிற்காது. வைத்தியசாலை 2018இல் திறந்த புதுக் கட்டடம், பழைய இடத்தைச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், கடிதத்தில் உள்ள முகவரியைக் காட்டுங்கள்.

நேரம் கிடைத்து எல்லையைப் பார்க்கக் கிளம்புகிறவர்கள் தொலைபேசியில் தானாக நேரம் மாறும் அமைப்பை நிறுத்திவிடுங்கள். ரஷ்யக் கோபுரத்தைப் பிடித்தால் மணி முன்னுக்குப் போகும், கட்டணமும் ஏறும். பின்லாந்துப் பக்கம் போனாலும் ஒரு மணி நேரம் முந்திக் காட்டும்.

7. காற்றடித்தால்

இதுதான் உண்மையான விஷயம். நவம்பரிலிருந்து மார்ச் வரை விமானம் ரத்தாவது அதிசயமில்லை. பனி கொட்டுவதைவிடப் பக்கவாட்டுக் காற்றும் ஓடுபாதையில் உறையும் ஐஸும்தான் தொல்லை. சில நேரம் போட்ஸ்ஃபியூருக்கு மேலே வந்து பார்த்துவிட்டு, இறங்காமல் அடுத்த ஊருக்குப் போய்விடும். முதல் நாள் இரவே வானிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள், வெப்பநிலையை விட்டுவிட்டு, காற்றின் வேகத்தையும் திசையையும் பாருங்கள்.

ரத்தானால் தொலைபேசிக்குச் செய்தி வரும். அதில் காசைத் திருப்பித் தரவா, வேறு பயணம் தரவா என்று கேட்கும். அவசரத்தில் காசு என்பதை அழுத்தாதீர்கள். அழுத்திய அந்த நொடியோடு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அவர்களிடமிருந்து போய்விடுகிறது. வேறு பயணத்தைத் தெரிவு செய்தால் அடுத்த விமானமோ, வாட்சோ வரை விமானமும் பிறகு டாக்ஸியுமோ, அவர்களே ஒழுங்கு செய்ய வேண்டும், காத்திருக்கும் நேரத்தில் சாப்பாடு, இரவானால் ஹொட்டல். புயலால் ரத்தானாலும் இந்த உரிமை உண்டு. நட்டஈடாகப் பெருந்தொகை கேட்பது மட்டும் புயலுக்குச் சரிவராது.

8. விமானம் இல்லையென்றால்

கார். போட்ஸ்ஃபியூர் மலைவீதி 891, குளிர்காலத்தில் அவ்வப்போது மூடும், அல்லது வரிசையாகப் போகும் முறைக்கு மாறும். 175க்கு அழைத்தால் வீதி நிலவரம் சொல்வார்கள். வரிசை என்றால் தடுப்புக் கம்பத்தடியில் குறித்த நேரத்துக்கு முன்னரே போய் நிற்க வேண்டும். பனி அள்ளும் வாகனத்தின் மஞ்சள் விளக்கு முன்னால் சுழலும், அதன் சாரதி ஒவ்வொரு காராக வந்து கண்ணாடியைத் தட்டி, எத்தனை பேர், எண்ணெய் இருக்கிறதா, கம்பளியும் கையுறையும் இருக்கிறதா என்று கேட்பார். பொருத்தமில்லாத காரென்று பட்டால் திருப்பி அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. பிறகு முன் காரின் சிவப்பு விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டு போக வேண்டும், சில இடத்தில் அதுவும் வெள்ளைக்குள் மறைந்து மறைந்து தெரியும். நின்றுவிட்டால் காரை விட்டு இறங்கவே கூடாது. இந்த ஊரில் முதல் குளிர்காலம் என்றால், சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது என்பதற்காக இதைத் தனியாகச் செய்யாதீர்கள், பழகிய ஒருவரோடு போங்கள். மான் கூட்டத்துக்கும் கவனம், அவை வீதியை விட்டு விலகும் அவசரத்தில் இல்லை.

கப்பல். கரையோரக் கப்பல் தினமும் வரும், கிர்க்கனெஸுக்குப் போவது நள்ளிரவை ஒட்டி இங்கே தட்டும், காலை 9 மணியளவில் அங்கே சேரும். திரும்பும் கப்பல் மத்தியானம் 12.30 அளவில் கிர்க்கனெஸை விட்டு இரவு 8 மணியைச் சுற்றி இங்கே வரும். அறை எடுக்கத் தேவையில்லை, இருக்கைக்கு மட்டும் டிக்கெட் எடுக்கலாம். முற்பகலில் ஒரு சந்திப்பு இருந்தால் எனக்கு இது விமானத்தைவிடப் பிடிக்கும், கடல் அமைதியாக இருந்தால். பாரென்ட்ஸ் கடல் ஆடத் தொடங்கினால் வாந்தி மாத்திரை இல்லாமல் ஏறாதீர்கள், மிகக் கடும் புயலில் கப்பலும் சில துறைகளை விட்டுவிட்டுப் போகும்.

பஸ் ஸ்னெலான்டியா என்ற பெயரில் ஓடுகிறது, வழியில் மாற வேண்டி வரும். அட்டவணையில் நாளையும் பள்ளி விடுமுறைக் குறிப்பையும் சேர்த்து வாசியுங்கள்.

9. காசைத் திரும்பக் கேட்பது

வைத்தியசாலைக்குப் போனவர்கள் பயணச் செலவைப் பசியன்ட்ரைசர் என்ற நோயாளர் பயண அலுவலகத்திடம் கேட்கலாம். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என நீங்கள் கட்ட வேண்டிய சொந்தப் பங்கைக் கழித்துத்தான் தருவார்கள். வருடத்துக்குரிய உச்சத்தை எட்டி இலவச அட்டை வந்துவிட்டால் அந்தப் பங்கும் இல்லை.

விமானம் என்றால் டிக்கெட் வாங்க முன்னரே அவர்களிடம் கதையுங்கள். தாங்களே பதிந்து தருவார்களா, நீங்கள் வாங்கிப் பிறகு கேட்க வேண்டுமா என்பதைத் தெரிந்துகொண்டால் பிற்பாடு இழுபறி இல்லை. டாக்ஸிக் காசு முழுவதும் தானாக வராது, உடல்நிலை காரணமாக டாக்ஸிதான் வேண்டும் என்றால் வைத்தியரோ வைத்தியசாலையோ முன்கூட்டியே எழுதித் தர வேண்டும். துணைக்கு ஆள் வந்தாலும் அப்படித்தான், துணை தேவை என்று உறுதிப்படுத்திய பத்திரம் இருந்தால்தான் அவருடைய செலவும் கிடைக்கும். விமானம் ரத்தாகி இரவு தங்கினால் ஹொட்டல் பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள், விமான நிறுவனம் கொடுக்காத செலவு எது என்று பிரித்துக் காட்ட வேண்டி வரும்.

கோரிக்கையை ஹெல்செநோர்கே தளத்தில் நிரப்பலாம், கடதாசிப் படிவமும் உண்டு. போய் வந்து ஆறு மாதத்துக்குள் அனுப்ப வேண்டும். போர்டிங் அட்டை, டிக்கெட் பற்றுச்சீட்டு, பஸ் சீட்டு எல்லாவற்றையும் அன்றிரவே படமெடுத்து வையுங்கள். வைத்தியசாலையை விட்டு வெளியேற முன்னர் வருகையை உறுதிப்படுத்தும் தாள் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள், வீட்டுக்கு வந்த பிறகு அதை எடுப்பது இழுத்தடிக்கும்.